பூஞ்சைக்கு நோய் பண்ற வீரியம் எந்த ஜீன்ல இருக்கு? எலிகிட்டயும் புழுகிட்டயும் கேட்டுப் பாக்குற கதை

பேர் வெச்ச பூஞ்சை இனங்களே ஒன்றரை லட்சம் கிட்ட இருக்கு, ஆனா மனுஷனுக்கு நோய் குடுக்கறது அதுல சில நூறு தான், ஆளையே கொல்ற அளவுக்குப் போறது இன்னும் கம்மி. பழைய ரொட்டில பூக்கறது, மழைக்காலத்துல தோல் செருப்பு மேல படியறது, சுவத்து ஓதத்துல கருப்பா வர்றது, இதோட வித்தெல்லாம் தினமும் நம்ம மூச்சுல போயிட்டுதான் இருக்கு, ஒண்ணும் ஆகறதில்ல. முதல் காரணம் ரொம்ப சிம்பிள். நம்ம உடம்பு சூடு 37 டிகிரி, பெரும்பாலான பூஞ்சைங்களால அந்த சூட்டுல வளரவே முடியாது. அதைத் தாண்டி வந்தாலும் ரத்தத்துல இருக்கற வெள்ளணுக்கள் பிடிச்சு முழுங்கிடும். இந்த ரெண்டு கண்டத்தையும் தாண்டி உள்ள குடித்தனம் பண்ற சில பூஞ்சைகிட்ட மட்டும் அப்படி என்ன இருக்கு, அது எந்த ஜீன்ல எழுதியிருக்குன்னு கண்டுபிடிக்கறது எப்படிங்கறது தான் இந்தக் கட்டுரை. ஒரு கிருமி உள்ள போனா ஆள எந்த அளவுக்குப் படுத்தும்ங்கறத தான் இங்க வீரியம்னு சொல்லப் போறேன்.

பொதுவா பேசினா ஒண்ணும் புரியாது, அதனால ஒரே ஒரு பூஞ்சைய எடுத்துக்குவோம். பேரு கிரிப்டோகாக்கஸ் நியோஃபார்மன்ஸ். 1894ல ஜெர்மனில புஸ்ஸேங்கறவரும் புஷ்கேங்கறவரும் ஒரு பொண்ணோட கால் எலும்பு புண்ணுல இத பாத்தாங்க, அதே வருஷம் இத்தாலில சான்ஃபெலிசே பீச் பழச்சாறுல இருந்து இதே பூஞ்சைய வளத்தார். 1955ல அமெரிக்காவுல எம்மன்ஸ்ங்கற ஆராய்ச்சியாளர் புறாக்கூட்டுலயும் புறா எச்சத்துலயும் இது மண்டிக் கிடக்குதுன்னு காட்டினார். அபார்ட்மென்ட் பால்கனில புறா வலை கட்டறவங்க பயந்துடாதீங்க, நல்ல எதிர்ப்பு சக்தி இருக்கறவங்க இத சுவாசிச்சாலும் உடம்பு அப்படியே அமுக்கி வெச்சிடும். சிக்கல் எச்ஐவி முத்தினவங்களுக்கும், உறுப்பு மாற்று ஆபரேஷன் பண்ணி எதிர்ப்பு சக்திய குறைக்கற மாத்திரை சாப்பிடறவங்களுக்கும் தான். அவங்களுக்கு நுரையீரல்ல இருந்து கிளம்பி மூளைக்கு போய் மூளைக்காய்ச்சல் ஆகிடும். 2020க்கான ஒரு உலகக் கணக்குப்படி எச்ஐவி இருக்கறவங்கள்ல மட்டும் வருஷத்துக்கு சுமார் 1,52,000 பேருக்கு இந்த மூளைக்காய்ச்சல், அதுல 1,12,000 பேர் சாவு. உலக சுகாதார நிறுவனம் 2022ல பூஞ்சைகளுக்குன்னு முதல் தடவையா ஒரு முன்னுரிமைப் பட்டியல் போட்டப்போ மேல் வரிசையில வெச்ச நாலுல இது ஒண்ணு.

இந்தப் பூஞ்சைய மைக்ராஸ்கோப்புல பாக்கறதுக்கு ஒரு பழைய வித்தை உண்டு. நோயாளியோட தண்டுவட நீரு ஒரு சொட்டு, இந்தியன் இங்க் ஒரு சொட்டு, ரெண்டையும் கலந்து மேல கண்ணாடிச் சில்ல வெச்சு பாத்தா பின்னாடி முழுக்க கருப்பு, நடுநடுவுல ஒவ்வொரு செல்லையும் சுத்தி வெளிச்சமா ஒரு வட்டம். அந்த வட்டம் தான் அதோட உறை, வழவழன்னு சர்க்கரைச் சங்கிலியால ஆன கோட்டு, இங்க் துகள் அதுக்குள்ள நுழைய முடியாததால வெளிச்சமா தெரியுது. வெள்ளணுவுக்கும் அதே கஷ்டம் தான், அந்த வழுக்கல்ல பிடி கிடைக்காது. ரெண்டாவது அடையாளம் நிறம். பேயெள்ளு விதைய அரைச்சு சேத்த பிளேட்ல (லேப்ல கிருமி வளக்கற தட்டு) வளத்தா இதோட காலனி சில நாள்ல காப்பிக் கலர்ல இருந்து கருப்பா மாறும், காரணம் மெலனின், நம்ம தோல்ல முடில இருக்கற அதே வகை நிறமி. வெள்ளணு உள்ள இழுத்து அது மேல கொட்டற ரசாயனத்த இந்த மெலனின் தாங்கிக்கும்னு நினைக்கறாங்க. மூணாவது, முன்னாடியே சொன்ன 37 டிகிரி சூட்டுல வளர்ற திறமை.

உறை, மெலனின், சூடு தாங்கறது. சரி, இதனால தான் நோய் வருதுன்னு எப்படி அடிச்சு சொல்றது? நோயாளிகிட்ட இருந்து எடுத்த பூஞ்சையில உறை இருக்குங்கறது ஒரு தகவல், அவ்வளவு தான், அதே பூஞ்சைகிட்ட இன்னும் ஏழாயிரம் கிட்ட ஜீன் இருக்கே, வேலைய பண்றது வேற ஏதாவதா இருந்தா? பிளேட்ல வெச்சு பாத்து இத தீத்துக்க முடியாது. பிளேட்ல சாப்பாடு இருக்கு, எதிரி இல்ல. வீரியம்ங்கறது ரெண்டு பேரு மோதும்போது மட்டும் தெரியற விஷயம், ஒருத்தர மட்டும் தனியா உக்கார வெச்சு அளக்க முடியாது. அதனால தான் கடைசில ஒரு உயிருள்ள மிருகம் இதுக்குள்ள வந்தே ஆகுது.

1988ல ஸ்டான்லி ஃபால்கோங்கற அமெரிக்க பாக்டீரியா விஞ்ஞானி இதுக்கு ஒரு நியாயமான வழிமுறை சொன்னார். 19ம் நூற்றாண்டுல ராபர்ட் காக் ஒரு கிருமிதான் ஒரு நோய்க்கு காரணம்னு நிரூபிக்க விதி போட்ட மாதிரி இவர் ஜீனுக்கு விதி போட்டார். அந்த ஜீன கெடுத்தா வீரியம் குறையணும், திரும்ப அதே ஜீன நல்லபடியா உள்ள வெச்சா வீரியம் திரும்பி வரணும். வீட்டு மெயின் போர்டுல எந்த ஃப்யூஸ் எந்த ரூமுக்குன்னு தெரியலன்னா ஒண்ண பிடுங்கி எந்த லைட் அணையுதுன்னு பாப்போம், திரும்ப சொருகி எரியுதான்னும் பாப்போம்ல, அதே தான். திரும்ப சொருகற பாதிய நிறைய பேர் சுலபமா மறந்துடறாங்க, ஆனா என்ன கேட்டா மொத்த சோதனையோட உயிரே அங்க தான் இருக்கு. ஏன்னு கொஞ்ச நேரத்துல வரும்.

ஜீன பிடுங்கறது எப்படி? பூஞ்சை செல்லுக்குள்ள புது டிஎன்ஏ ஒண்ண அனுப்பணும். அந்த டிஎன்ஏவோட ரெண்டு ஓரமும் நம்ம குறி வெச்ச ஜீனோட ரெண்டு பக்கத்துல இருக்கற எழுத்தோட அப்படியே ஒத்துப் போகும், நடுவுல மட்டும் அந்த ஜீனுக்கு பதிலா ஒரு மருந்துல இருந்து பிழைக்க வெக்கற ஜீன் இருக்கும். செல்லு தன்னோட டிஎன்ஏவ பழுது பாக்கறப்போ ஓரம் ஒத்துப் போறதால ஏமாந்து பழசக் கழட்டி புதுச மாட்டிக்கும். கிரிப்டோகாக்கஸுக்கு இத உள்ள அனுப்பறதுக்கு 1990கள்ல இருந்து ஒரு முரட்டு வழி இருக்கு, தங்கத் துகள் மேல டிஎன்ஏவ பூசி ஹீலியம் அழுத்தத்துல பூஞ்சை மேல துப்பாக்கி மாதிரி சுடறது. நிஜமாவே தங்கம் தாங்க. சுட்டதுல பெரும்பாலான செல்லு செத்துடும், மிச்சத்துல கொஞ்சத்துல தான் டிஎன்ஏ போயிருக்கும், அதுலயும் சரியான இடத்துல உக்காந்தது கொஞ்சம் தான், அந்த மருந்து கலந்த பிளேட்ல எது முளைக்குதோ அத ஒவ்வொண்ணா சோதிச்சு எடுக்கணும். இப்போ குறி வெச்ச இடத்துலயே டிஎன்ஏவ வெட்டற கிரிஸ்பர் வந்த பிறகு இந்த வேலை எவ்வளவோ மேல். இப்படி ஜீன் போனத ம்யூட்டன்ட்னு சொல்லுவாங்க, ஒண்ணும் கை வைக்காத அசல வைல்டு டைப்னு சொல்லுவாங்க.

உறை விஷயத்துல இந்த வழிய முதல்ல ஒழுங்கா முடிச்சுக் காட்டினது அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்துல இருந்த குவான்-சுங் குழு. 1994ல சாங், குவான்-சுங் ரெண்டு பேரும் உறையே இல்லாத ஒரு கிரிப்டோகாக்கஸ் எடுத்து அதுக்குள்ள கேப்59ங்கற ஜீன நல்ல நிலைமையில திரும்ப வெச்சாங்க. உறை திரும்ப வந்துச்சு, கூடவே எலியக் கொல்ற வீரியமும் திரும்ப வந்துச்சு. திரும்ப அதே ஜீன உடைச்சாங்க, ரெண்டும் போச்சு. மெலனினுக்கும் இதே மாதிரி, லாக்கேஸ்னு ஒரு என்சைம் தான் அத தயாரிக்குது, அந்த ஜீன எடுத்துட்டா பூஞ்சை வெள்ளையா வளருது, எலியில வீரியமும் குறையுது, இது 1996ல வந்தது.

சரி, எலிச் சோதனை நிஜத்துல எப்படி இருக்கும்னு கொஞ்சம் கிட்டப் போய் பாக்கலாம். பூஞ்சைய திரவத்துல வளத்து, உப்புத்தண்ணில கழுவி, மைக்ராஸ்கோப்புக்கு கீழ கட்டம் போட்ட கண்ணாடில எண்ணி, ஒரு சொட்டுக்கு இத்தனை செல்லுன்னு சரியா கலக்கறாங்க. எலிக்கு மயக்க மருந்து குடுத்து, மேல் முன்பல்ல ஒரு நூல்ல மாட்டி லேசா தொங்க விட்டு, மூக்கு ஓட்டையில பைப்பெட்டால சொட்டு சொட்டா விடுவாங்க, மொத்தமே 50 மைக்ரோலிட்டர் அளவு தான், அதுக்குள்ள 50 ஆயிரம் செல்லு இருக்கும். மயக்கத்துல அது அப்படியே மூச்சோட உள்ள இழுத்துக்கும். மனுஷனுக்கும் இந்த நோய் மூச்சு வழியா தான் வருது, அதனால தான் இவ்வளவு மெனக்கெடறாங்க, ரத்தத்துல ஊசி போடறது இதவிட சுலபம். எலிக்கு குடுத்து முடிச்ச கையோட மிச்ச திரவத்த பிளேட்ல பரப்பி எத்தன காலனி முளைக்குதுன்னு பாப்பாங்க. ம்யூட்டன்ட் குடுத்த எலியெல்லாம் பிழைச்சதுன்னு சந்தோஷப்பட்டு, கடைசில பாத்தா அந்த டியூப்ல பாதி செல்லு முன்னாடியே செத்திருந்துச்சுன்னா மொத்தமும் வீண்.

அப்புறம் தினமும் எடை. ஒரு ஸ்ட்ரெய்னுக்கு, அதாவது பூஞ்சையோட ஒவ்வொரு ரகத்துக்கும், 10 எலி அளவுல இருக்கும். வைல்டு டைப் குடுத்த எலி கொஞ்ச நாள் ஒண்ணுமே இல்லாத மாதிரி ஓடும், அப்புறம் எடை இறங்கும், முடி சிலிர்த்துக்கும், முதுகு கூனி ஒரு மூலையில உக்காந்துக்கும், மூணாவது வாரத்துக்குள்ள பெரும்பாலும் கதை முடிஞ்சிடும். முன்னாடியெல்லாம் தானா சாகற வரைக்கும் விட்டாங்க, இப்போ எடை இவ்வளவு குறைஞ்சா கருணையோட முடிச்சிடணும்னு முன்னாடியே எல்லை குறிச்சு வெக்கணும், நம்ம நாட்லயும் நிறுவனத்தோட விலங்கு நெறிக்குழு அனுமதி இல்லாம இந்த சோதனைய ஆரம்பிக்கவே முடியாது. எத்தனாவது நாள்ல எத்தன எலி மிச்சம்னு ஒரு படிக்கட்டு மாதிரி கிராஃப் போடுவாங்க. வைல்டு டைப் படிக்கட்டு மூணாவது வாரத்துல தரைக்கு வந்துடும், ம்யூட்டன்ட் கோடு 60 நாளும் மேலயே நேரா போச்சுன்னா அந்த ஜீன் முக்கியம்னு அர்த்தம். ஜீன திரும்ப வெச்ச மூணாவது ஸ்ட்ரெய்ன் கோடு வைல்டு டைப் கூடவே இறங்கணும். இந்த மூணு கோடும் ஒரே படத்துல இல்லாத பேப்பர நம்பவே கூடாதுன்னு சொல்றவங்க இருக்காங்க, நானும் அந்தக் கட்சி தான்.

மூணாவது கோடு ஏன் அவ்வளவு முக்கியம்ங்கறதுக்கு கேண்டிடா ஆல்பிகன்ஸோட கதை தான் நல்ல பாடம். நம்ம வாயிலயும் குடல்லயும் சாதாரணமா இருக்கற பூஞ்சை தான் அது, எதிர்ப்பு சக்தி குறைஞ்சா ரத்தத்துல ஏறி ஆளக் கொல்லும். இதுல எல்லா ஜீனும் ரெண்டு காப்பி இருக்கறதால ஒரு ஜீன எடுக்கறதுக்கு ரெண்டு தடவ வெட்டணும். 1993ல வந்த ஒரு முறையில யூரா3ங்கற ஜீன அடையாளத்துக்கு வெச்சாங்க, யுரேசில்ங்கற பொருள தயாரிக்க உதவற ஜீன் அது, அது இருக்கற செல்லு தான் யுரேசில் இல்லாத பிளேட்ல வளரும். வருஷக்கணக்கா எல்லாரும் இதையே பண்ணிட்டு இருந்தாங்க, இந்த ஜீன எடுத்தேன் எலி பிழைச்சது, அந்த ஜீன எடுத்தேன் எலி பிழைச்சதுன்னு வரிசையா முடிவு வந்துச்சு. அப்புறம் தான் தெரிஞ்சது, யூரா3 போய் உக்கார்ற இடத்தப் பொறுத்து அது வேலை செய்யற அளவு மாறுது, சில இடத்துல ரொம்ப மந்தமா ஓடுது, அப்படி ஓடினா எலிக்குள்ள யுரேசில் போதாம பூஞ்சை தானாவே நோஞ்சானாயிடுது. அதாவது வீரியம் குறைஞ்சதுக்கு காரணம் அவங்க எடுத்த ஜீனே இல்ல, அடையாளத்துக்கு ஒட்டின லேபிள். பிறகு எல்லா ஸ்ட்ரெய்ன்லயும் யூரா3ய ஒரே பொது இடத்துல வெக்கணும்னு வழக்கம் மாறுச்சு.

இன்னொரு சிக்கல் இதவிட நுணுக்கமானது. 1997ல அமெரிக்காவோட டியூக் பல்கலைக்கழகத்துல கால்சினியூரின்ங்கற புரதத்தோட ஜீன கிரிப்டோகாக்கஸ்ல இருந்து எடுத்தாங்க. 24 டிகிரில அது ஜம்முனு வளந்துச்சு, 37 டிகிரில வெச்சா வளரவே இல்ல. எதிர்ப்பு சக்தி குறைச்ச முயலுக்கு குடுத்தா நோய் வரல. இத வீரிய ஜீன்னு சொல்லலாமா? உடம்பு சூட்டுலயே வளராதது நோய் குடுக்கலன்னா அதுல என்ன ஆச்சரியம்னு ஒரு கட்சி. அந்த சூட்டுல வளர்றது தான் மனுஷனுக்குள்ள வர்றதுக்கு முதல் டிக்கெட்டே, அப்புறம் இது வீரியம் இல்லாம வேற எதுன்னு இன்னொரு கட்சி. அதே வருஷம் அதே இடத்துல இருந்து வந்த ஜிபிஏ1ங்கற ஜீனோட கதை வேற மாதிரி. அத எடுத்தா பூஞ்சை 37 டிகிரில நல்லா வளருது, பிளேட்ல ஒரு குறையும் இல்ல, ஆனா உறை பெருசாகணும்ங்கற சமயத்துல ஆகல, மெலனின் வரல, முயல்ல நோயும் நிலைக்கல. வெளியில என்ன நடக்குதுன்னு மோந்து பாத்து உள்ள தகவல் அனுப்பற புரதம் அது. சைக்ளிக் ஏஎம்பிங்கற சின்ன மூலக்கூற வெளியில இருந்து ஊத்தினா உறையும் மெலனினும் திரும்ப வந்துச்சு. பாடப்புத்தகம் வீரிய ஜீன்னு சொல்றதுக்கு ஜிபிஏ1 மாதிரி தான் உதாரணம் தேடும், ஆனா கால்சினியூரின ஓரமா தள்ளிடாதீங்க, கடைசில அது தான் வேலைக்கு ஆகப் போகுது.

எலி செத்துதா பிழைச்சுதான்னு மட்டும் பாத்தாலும் போதாது. உறுப்ப எடுத்து நுரையீரல்ல எவ்வளவு, மூளையில எவ்வளவு, சிறுநீரகத்துல எவ்வளவுன்னு அரைச்சு பிளேட்ல போட்டு எண்ணுவாங்க. பூஞ்சை நிறைய இருந்தா நோய் அதிகம்னு தானே தோணும்? 2003ல வந்த ஒரு கேண்டிடா ஆராய்ச்சி அந்த நினைப்ப உடைச்சது. கேண்டிடா ரெண்டு உருவத்துல இருக்கும், உருண்டையா ஈஸ்ட் மாதிரி, இல்லன்னா நீள நீளமா இழையா. அவங்க செஞ்ச ஸ்ட்ரெய்ன்ல எலி குடிக்கற தண்ணில டாக்ஸிசைக்ளின் கலந்தா இழையா மாறும், கலக்கலன்னா உருண்டையாவே இருக்கும். உருண்டையா இருந்த வரைக்கும் எலி பிழைச்சது, ஆனா உறுப்புக்குள்ள எண்ணிப் பாத்தா பூஞ்சை ஏகத்துக்கும் இருந்துச்சு. குடி வந்தது வேற, சுவத்த இடிச்சது வேறன்னு அப்போ தான் தெளிவாச்சு. அந்த இழை உருவம் வரும்போது செல்ல ஓட்டை போடற கேண்டிடாலைசின்ங்கற நச்சும் கூடவே வருதுன்னு 2016ல கண்டுபிடிச்சாங்க.

இப்படி ஒவ்வொரு ஜீனா எடுத்து 10 எலி, 10 எலின்னு போனா ஏழாயிரம் ஜீனுக்கு எத்தன எலி வேணும்னு யோசிச்சு பாருங்க, காசும் தாங்காது மனசும் தாங்காது. இதுக்கு வந்த வழி ஒவ்வொரு ம்யூட்டன்ட்டுக்கும் டிஎன்ஏல ஒரு பார்கோடு ஒட்டறது. 1995ல சால்மொனெல்லாங்கற பாக்டீரியாவுல முதல்ல பண்ணாங்க. பல ம்யூட்டன்ட்ட ஒண்ணா கலந்து ஒரே எலிக்கு குடுத்து, சில நாள் கழிச்சு நுரையீரல்ல இருந்து எடுத்து எந்தெந்த பார்கோடு காணாம போச்சுன்னு பாத்தா போதும். கலிஃபோர்னியாவோட சான் ஃபிரான்சிஸ்கோல மதானி குழு 2008ல கிரிப்டோகாக்கஸ்ல 1,201 ஜீன இப்படி எடுத்து எலி நுரையீரல்ல சோதிச்சாங்க. கேண்டிடாவுல 674 ஜீனுக்கு 2010ல அதே மாதிரி ஒண்ணு வந்துச்சு, வீரியம் குறைஞ்ச நிறைய ம்யூட்டன்ட்டுக்கு இழை உருவம் நல்லாவே இருந்துச்சுன்னு அதுல தான் தெரிஞ்சது, அது வரைக்கும் உருவம் தான் எல்லாம்னு நம்பிட்டு இருந்தாங்க. ஆனா கலந்து குடுக்கறதுல ஒரு ஓட்டை இருக்கு. ஒரு ஜீனோட வேலை வெளியில எதையாவது கக்கி வெள்ளணுவ மயக்கறதுன்னா, அந்த ஜீன் இல்லாதவனும் பக்கத்துல இருக்கறவன் கக்கினத வெச்சு ஓசில பிழைச்சுக்குவான். அதனால பார்கோடுல பாஸானதால அந்த ஜீனுக்கு வேலையே இல்லன்னு முடிவு பண்ணிட முடியாது.

எலிக்கு பதிலா வேற என்ன? இங்க தான் எனக்கு பிடிச்ச ஆள் வர்றார், மெழுகுப் பூச்சியோட புழு, கல்லேரியா மெல்லோனெல்லா. தேனீ வளக்கறவங்களுக்கு இது பரம எதிரி, பெட்டிக்குள்ள அடை முழுக்க வலை கட்டி நாசம் பண்ணிடும், நம்ம ஊர்லயும் தேன் பெட்டி வெச்சவங்க திட்டாத நாளில்ல. லேப்ல அதே புழு செல்லப்பிள்ளை. கொழுகொழுன்னு வெள்ளையா ரெண்டு சென்டிமீட்டருக்கு மேல இருக்கும், கடைசி ஜோடி கால்ல மெல்லிசா ஊசிய சொருகி 10 மைக்ரோலிட்டர் பூஞ்சைய போட்டு 37 டிகிரில வெச்சிடலாம், அந்த சூடு அதுக்கு ஒரு பிரச்சனையே இல்ல, இந்த ஒரு காரணத்துக்காகவே மத்த பூச்சிங்கள முந்திடுச்சு. நோய் முத்தினா புழு வெள்ளையில இருந்து பழுப்பாகி கருப்பாகிடும், குச்சியால தொட்டா அசையல்லன்னா செத்துடுச்சுன்னு கணக்கு. கருப்பாகறதுக்கு காரணமும் மெலனின் தான், ஆனா இந்த தடவ அது புழுவோட மெலனின், கிருமிய சுத்தி பூசி அடைக்கறதுக்கு அதோட எதிர்ப்பு சக்தி பண்ற வேலை. 2005ல கிரிப்டோகாக்கஸ இந்தப் புழுவுல விட்டு பாத்தப்போ கேப்59, ஜிபிஏ1 எடுத்த ம்யூட்டன்ட்டுங்க இங்கயும் பலவீனமா தான் இருந்துச்சு, எலி சொன்னதும் புழு சொன்னதும் ஒத்துப் போச்சு.

அதுக்கும் சின்னதா சி. எலிகன்ஸ்ங்கற ஒரு மில்லிமீட்டர் புழு இருக்கு, பிளேட்ல பாக்டீரியாவுக்கு பதிலா கிரிப்டோகாக்கஸ சாப்பாடா வெச்சா தின்னுட்டு சாகுது, 2002ல காட்டினாங்க. பழ ஈ இன்னொண்ணு. 1996ல பிரான்ஸ்ல ஹாஃப்மன் குழு டோல்ங்கற ஜீன் கெட்டுப்போன ஈயில ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சைய விட்டப்போ ஈ உடம்பு மேல பூஞ்சை முளைச்சு நின்ன படம் ரொம்ப பிரபலம், ஹாஃப்மனுக்கு 2011ல நோபல் கிடைச்ச வேலையில அதுவும் சேத்தி. அங்க கெடுத்தது பூஞ்சையோட ஜீன இல்ல, ஈயோட ஜீன, அதையும் கவனிங்க. ஜீப்ரா மீன் குஞ்சு கண்ணாடி மாதிரி இருக்கும், வெள்ளணு பூஞ்சைய துரத்திப் பிடிக்கறத உயிரோட வீடியோவா எடுக்கலாம், ஆனா மீன் வாழறது 28 டிகிரி பக்கம், கால்சினியூரின் மாதிரி சூடு சம்பந்தப்பட்ட ஜீன அதுல கேட்டா பதில் வராது. பூச்சிக்கு ஆன்டிபாடியும் கிடையாது, டி செல்லுங்கற வெள்ளணு வகையும் கிடையாது, நுரையீரலும் கிடையாது. எச்ஐவி அழிக்கறதே டி செல்ல தான், அப்போ அந்த நோயாளிக்குள்ள நடக்கற கதையில பாதி புழுவுக்குள்ள நடக்கவே நடக்காது. புழு மலிவு, நூத்துக்கணக்குல பண்ணலாம், முதல் சல்லடையா வெச்சுக்கிட்டு மிச்சத்த எலிகிட்ட கேளுன்னு தான் இப்போ பெரும்பாலும் போறாங்க.

எலின்னாலும் எல்லா எலியும் ஒண்ணு இல்ல. ஏ/ஜேங்கற ரக எலிக்கு சி5ங்கற ரத்தப் புரதம் பிறப்புலயே கிடையாது, அதுக்கு கிரிப்டோகாக்கஸ் ரத்தத்துல போட்டா வேற ரக எலிய விட சீக்கிரமா போயிடும். அதே ம்யூட்டன்ட், அதே டோஸ், எலி ரகம் மாறினா பதிலும் மாறலாம். பூஞ்சை பக்கமும் இதே கதை. உலகம் முழுக்க கிரிப்டோகாக்கஸ் ஆராய்ச்சில ஓடறது ஹெச்99ங்கற ஸ்ட்ரெய்ன், 1978ல டியூக்ல ஹாட்ஜ்கின் நோய்ங்கற நிணநீர் புற்றுநோய் இருந்த ஒருத்தர்கிட்ட இருந்து ஜான் பெர்ஃபெக்ட்ங்கற டாக்டர் எடுத்தது. அத லேப் லேப்பா அனுப்பி, பிளேட் பிளேட்டா மாத்தி மாத்தி வளத்ததுல, சில கிளைகள் சத்தமில்லாம புது மாற்றத்த சேத்துக்கிட்டு வீரியத்த இழந்துடுச்சு. சுகமான பிளேட்ல வீரியத்துக்கு வேலை இல்லல, வெச்சிருக்கணும்னு கட்டாயமும் இல்ல. நோஞ்சானான கிளைக்கு டபிள்யூன்னும் முரட்டுக் கிளைக்கு எஸ்ஸுன்னும் எழுத்து சேத்து தனித்தனியா பேரே வெச்சிருக்காங்க. நீங்க எந்த கிளைய ஃப்ரீசர்ல வெச்சிருக்கீங்கன்னு தெரியாம ரெண்டு லேப் முடிவ ஒப்பிட்டா சண்டை தான் மிச்சம்.

எதிர்ப்பக்கம் எவ்வளவு முக்கியம்ங்கறத 2021ல நம்மளே பாத்தோம். கொரோனா ரெண்டாவது அலையில கருப்பு பூஞ்சைன்னு பேசப்பட்ட மியூகோர்மைகோசிஸ், சுகர் கட்டுக்குள்ள இல்லாதவங்களையும் ஸ்டீராய்டு நிறைய எடுத்தவங்களையும் தேடித் தேடி பிடிச்சது. இத லேப்ல பாக்கணும்னா ஆரோக்கியமான எலிகிட்ட கேட்டு பிரயோஜனம் இல்ல, பூஞ்சைய சுலபமா விரட்டிடும். அதனால கணையத்த கெடுக்கற மருந்து குடுத்து எலிக்கு சுகர் ஏத்தி, ரத்தத்துல அமிலம் கூடற நிலைமைக்கு கொண்டு வந்து, அதுக்கப்புறம் தான் இந்த நோய குடுக்கற ரைசோபஸ் பூஞ்சைய குடுக்கறாங்க. கோட்ஹெச்ங்கற புரதத்த வெச்சு அது ரத்தக்குழாய் சுவத்த பிடிச்சுக்குதுன்னு தெரிஞ்சது இந்த வழியில தான். பிடிச்சுக்கற கைப்பிடி நம்ம செல்லுல இருக்கற ஜிஆர்பி78ங்கற புரதம், சுகரும் இரும்பும் கூடினா அந்த கைப்பிடியும் கூடுது. பூஞ்சையோட ஜீன் பாதி பதில், மீதி பதில் அது யாருக்குள்ள போச்சுங்கறதுல இருக்கு.

இவ்வளவும் பண்ணி என்ன ஆகப் போகுதுன்னு கேக்கலாம். கால்சினியூரினுக்கு வருவோம். அந்த புரதத்த நிறுத்தற மருந்து ஏற்கனவே ஊருக்குள்ள இருக்கு, பேரு டாக்ரோலிமஸ், சிறுநீரக மாற்று ஆபரேஷன் ஆனவங்க தினமும் சாப்பிடற மாத்திரை தான். பிளேட்ல 37 டிகிரில அத போட்டா கிரிப்டோகாக்கஸ் வளராது, 24 டிகிரில போட்டா கண்டுக்கவே கண்டுக்காது, ஜீன எடுத்தப்போ நடந்தது அப்படியே. பிரச்சனை என்னன்னா அதே புரதம் நம்ம டி செல்லுலயும் இருக்கு, மாத்திரை ரெண்டையும் சேத்து நிறுத்திடுது, அப்போ பூஞ்சைக்கு மருந்தா குடுத்தா நோயாளியோட காவல் படையும் படுத்துடும். சுவாரஸ்யம் என்னன்னா, 2001ல உறுப்பு மாற்று நோயாளிகளப் பத்தி வந்த ஒரு ஆய்வுல டாக்ரோலிமஸ் சாப்பிட்டவங்களுக்கு கிரிப்டோகாக்கஸ் வந்தா அது மூளைக்கு போறது மத்தவங்கள விட குறைவு, தோல், மூட்டு பக்கம் வர்றது அதிகம்னு தெரிஞ்சது. தோல் உடம்போட உள்பக்கத்த விட குளிர்ச்சி, அந்த சூட்டுல மருந்தால பூஞ்சைய பிடிக்க முடியலங்கறது தான் அதுக்கு சொன்ன விளக்கம். இப்போ டியூக் குழு உட்பட சிலர் பூஞ்சையோட கால்சினியூரினையும் மனுஷனோடதையும் அணு அணுவா படம் பிடிச்சு எங்க வித்தியாசம்னு தேடி, டாக்ரோலிமஸோட ஒரு ஓரத்த மட்டும் மாத்தின ஏபிஎக்ஸ்879ங்கற மூலக்கூற செஞ்சிருக்காங்க. எதிர்ப்பு சக்திய அது டாக்ரோலிமஸ் அளவுக்கு அமுக்கல, கிரிப்டோகாக்கஸ் குடுத்த எலியில பூஞ்சைக்கு எதிரா வேலையும் செஞ்சிருக்கு, 2019ல வந்த முடிவு அது. மாத்திரையா கடைக்கு வர்ற தூரம் இன்னும் நிறைய.